சத்தம் நின்ற டைனமோ

எஞ்சின் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. போட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒரு நாள் தானாக நின்றுபோனால்தான் பயம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நின்றால் நல்லதுதானே என்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் சிக்கந்தர் பாய் ஓட்டிய காரைப் பற்றி இங்கே எழுதிவைக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

1. கிணற்று ராட்டினம்

இராமநாதபுரத்தில் அரண்மனைக்குக் கிழக்கே பொன்னையா மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண். அங்கேதான் நான் மெக்கானிக்காக இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் உலகச் சண்டைக்கு முந்தியவை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, பெரிய வீட்டுக்காரர்கள் கைகழுவியவை. ஸ்பேர் வேண்டுமென்றால் மதுரைக்கு எழுத வேண்டும். அங்கே இல்லாவிட்டால் மெட்ராஸ்.

இந்தக் கரையில் காற்றே உப்பு. கிழக்கே போனாலும் மணல், தெற்கே போனாலும் மணல். இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். வேறு ஊரில் கிழடாகிச் சாகிற பேரிங் எங்கள் ஊரில் வாலிபத்திலேயே போய்ச் சேரும்.

கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. காதுதான். டேப்பட் தளர்ந்தால் உள்ளே தையல் மிஷின் ஓடும். பிக் எண்ட் போனால் யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவார். மெயின் பேரிங் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்துவிடும். டைனமோ பேரிங் மட்டும் நேரத்துக்கு ஒரு குரலில் பேசும். காலையில் குளிர்ந்திருக்கும்போது கிறீச்சிடும். சூடானதும் முனகும். ஹெட்லைட்டைப் போட்டால் டைனமோவுக்குப் பாரம் கூடி, முனகல் அடித்தொண்டைக்கு இறங்கும். கடைசியில் உறுமும். உறுமிய பிறகு அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

சிக்கந்தர் பாயின் கார் முதல் தடவை வந்தபோது கிறீச்சிட்டுக்கொண்டுதான் வந்தது. தெரு முனையில் திரும்பும்போதே கேட்டுவிட்டது.

"என்ன பாய், கெணத்து ராட்டினத்தைக் கழட்டி மாட்டிட்டு வந்துட்டீக?" என்றேன்.

"ராட்டினமா இருந்தா தண்ணியாச்சும் வரும்ணே. இது வெறும் கூப்பாடு."

ஒல்லியான மனிதர். வெயிலில் வெந்து வெந்து அவர் தோல் பாய்மரத்துணி மாதிரி ஆகியிருந்தது. பெரியபட்டினத்துக்காரர். அவர் வாப்பா காலத்தில் சொந்தமாக ஒரு வத்தை இருந்தது, பலகையில் கட்டிய பாய்மரப் படகு. பாறையில் மோதிப் பலகை பலகையாகப் பிரிந்துபோனது. சண்டை நேரத்தில் மண்டபம் கேம்ப்பில் லாரி ஓட்டப் பழகிக்கொண்டவர், பிறகு கடலுக்குத் திரும்பவில்லை. ஊர் முதலாளி கனி மரைக்காயரிடம் டிரைவராகச் சேர்ந்தார்.

மரைக்காயருக்குக் கொழும்பில் கடை. வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் ஊருக்கு வருவார். அவர் இல்லாத நாளெல்லாம் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது சிக்கந்தருக்குக் கிடைத்திருந்த சலுகை. ஏர்வாடிக் கந்தூரிக்கு ஆள் ஏற்றுவார். திருப்புல்லாணி, சேதுக்கரை என்று தீர்த்தம் ஆட வருகிறவர்களை ஏற்றுவார். அந்தக் கறுப்புக் காரில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் மரைக்காயர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: செலவு வைக்காதவரை ஓட்டிக்கொள், எஞ்சினில் கைவைக்கிற நாள் வந்தால் மதுரை பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடுவேன்.

மேஸ்திரி வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏலே, மெயின் பேரிங்குடா அது. எஞ்சின எறக்கிப் பாத்துருவோம்."

மேஸ்திரிக்கு எந்தச் சத்தமும் மெயின் பேரிங்தான். எஞ்சினை இறக்குவதென்றால் அவருக்குப் பந்தல் போடுகிற சந்தோஷம்.

"எறக்குறதா?" என்றார் சிக்கந்தர். "அதுக்கு என் கழுத்தை எறக்கிருங்க மேஸ்திரி. வேலை சுருக்கமா முடியும்."

நான் பானெட்டைத் தூக்கினேன். நீளத் திருப்புளியின் முனையை டைனமோ உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். உள்ளே மணல் அரைபட்டது. அது மட்டும் போதாது. வாட்டர் பம்ப்பும் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் அதே குரலில் அழக்கூடியது. எஞ்சினை நிறுத்தி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டேன். சத்தம் இல்லை. மறுபடி நிறுத்தி, பம்ப் புல்லியைக் கையால் சுற்றினேன். வழவழவென்று சுற்றியது. டைனமோ புல்லியைச் சுற்றினேன். நறநறவென்று விரலில் ஏறியது.

"டைனமோ முன்பக்கத்துப் பேரிங்கு பாய். வேற ஒண்ணுமில்ல. எஞ்சின் நல்லா இருக்கு."

அவர் புளியமரத்தில் சாய்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லா. சின்னதுதானே?"

"சின்னதுதான். ஆனா விடப்படாது. இந்த வண்டியில ஃபேன், வாட்டர் பம்ப்பு, டைனமோ மூணுக்கும் ஒரே பெல்ட்டு. டைனமோ பிடிச்சுக்கிட்டா பெல்ட்டு தீஞ்சு அறுந்துரும். பெல்ட்டு போனா ஃபேனும் இல்ல, தண்ணி ஓட்டமும் இல்ல. அப்புறம் எஞ்சின் வெந்துரும்."

பேரிங் மதுரையிலிருந்து வர வேண்டும். வரும்வரை வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று.

"ஒங்களுக்குத் தெரியாதுண்ணே. எங்க ஊருல காலைல நடந்தது அடுத்த படகுல கொழும்புக்குப் போயிரும். கார் ஒர்க்‌ஷாப்புல நிக்கிதாம்னு ஒருத்தன் எழுதுனாப் போதும். இப்பவே தெருவுல பிள்ளைக பின்னாடியே கிறீச் கிறீச்னு கத்திக்கிட்டு ஓடியாருதுக. பேரிங்கு வந்ததும் சொல்லிவிடுங்க. வந்த அன்னைக்கே மாட்டிட்டுப் போயிர்றேன்."

அதுவரை தூரம் போகாதீர்கள் என்றேன். டைனமோவின் முனையில் மூடி போட்ட சின்ன எண்ணெய்க் குழி இருக்கிறது, அதில் மெல்லிசு எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

2. அமைதி

அடுத்த தடவை அவர் வந்தபோது எனக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தால் கார் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது. பூனை உறங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"பாத்தீகளா," என்றார். கன்னம் கொள்ளாத சிரிப்பு. "ராட்டினத்தைக் கெணத்துலயே போட்டுட்டேன். பேரிங்கு வரலைன்னா வேணாம்னு எழுதிருங்கண்ணே."

"என்ன பண்ணுனீக?"

"நீங்க சொன்ன எண்ணெய்தான்."

திருப்புளியை வைத்துக் கேட்டேன். மணல் இல்லை. முனகலும் இல்லை. ஒன்றுமே இல்லை. ஓடுகிற பேரிங்குக்கு ஒரு மூச்சு இருக்கும், அதுவும் இல்லை. சூட்டோடு லேசாக மீன் வாடை வந்தது.

"என்ன பாய் வாடை?"

"நேத்து கருவாட்டுக் கூடை ஏத்துனேன். ஒங்க மூக்குக்கு இன்னைக்கு என்ன குறை?"

எங்கள் பக்கத்தில் மூக்கை நம்பி வண்டி பார்க்க முடியாது. பஸ்ஸில் கருவாடு, ரயிலில் கருவாடு, கல்யாணக் காரின் டிக்கியிலும் கருவாடு. நான் அந்த வாடையை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, புல்லியைக் கையால் சுற்றினேன். நறநறப்பு போயிருந்தது. ஆனால் இறுக்கமாகச் சுற்றியது. கைவிட்டதும் கொஞ்சமும் ஓடாமல் அதே இடத்தில் நின்றது. நல்ல பேரிங் கைவிட்ட பிறகும் ஒரு சுற்று போய்த்தான் நிற்கும்.

"புண்ணு ஆறுனா தழும்பு இருக்கணும் பாய். இது தழும்பே இல்லாம ஆறியிருக்கு. எனக்குப் பிடிக்கல. டைனமோவக் கழட்டி வச்சிட்டுப் போங்க, திறந்து பாத்துர்றேன்."

"கழட்டுனா வண்டி நிக்கும்லண்ணே. மொதலாளி வாராக. தந்தி வந்திருச்சு."

கொட்டகைக்குள்ளிருந்து மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, ஓடுற வண்டிய என்னத்துக்கு நோண்டுற? அவரு போகட்டும்."

சிக்கந்தர் ஏறி உட்கார்ந்தார். மொதலாளி கொழும்புக்குத் திரும்பிப் போனதும் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். "முடிஞ்சா கடவுள்ட்ட துஆ கேட்டுக்கங்க, எங்க மொதலாளி சீக்கிரம் திரும்பிப் போகணும்னு," என்று சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். கார் தெருவில் சத்தமில்லாமல் போனது. சத்தமில்லாமல் போகிற ஒன்றை எவ்வளவு தூரம்தான் காதால் பின்தொடர முடியும். முனை திரும்பியதும் விட்டுவிட்டேன்.

3. சித்திரையில் பனி

திரும்பி வந்தது இரண்டு மாடுகள் இழுத்து.

நல்ல வெயில். மாட்டு நுகத்திலிருந்து தேங்காய்நார்க் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கார். வண்டிக்காரர் முன்னால் நடந்தார். சிக்கந்தர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தார், ஓட்டுகிறவர் மாதிரியே நேராகப் பார்த்துக்கொண்டு. பின்னால் குதிரை வண்டியில் வெள்ளைச் சட்டை, கோட்டு, கொழும்புத் தொப்பியுடன் ஒருவர். அவர்தான் கனி மரைக்காயர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேஸ்திரி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மரைக்காயர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

படகில் வந்து தனுஷ்கோடியில் ரயில் ஏறி, மண்டபத்தில் இறங்கியிருக்கிறார். கார் ரோடு அங்கேதானே தொடங்குகிறது. சிக்கந்தர் காருடன் காத்திருந்திருக்கிறார். வண்டி புறப்பட்ட நேரத்திலிருந்து சிக்கந்தர் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

"இவன் பேசுறவனே கெடையாது. பத்துக் கேள்வி கேட்டா ஒண்ணுக்குப் பதில் சொல்லுவான். நேத்து என்னடான்னா வாய் மூடல. எந்த ஊட்டுல கல்யாணம், யாரு மவுத்தாயிட்டாக, எந்த வலையில எத்தனை மீன், அவ்வளவும் சொல்றான். அதுவும் சத்தமா. கொழும்புல நமக்குக் காது போயிருச்சின்னு நெனச்சுட்டானோன்னு இருந்துச்சு எனக்கு."

உச்சிப்புளி தாண்டியதும் முன்னால் ஒரு உறுமல் கேட்டிருக்கிறது. உடனே சிக்கந்தர் குரலை இன்னும் உயர்த்தியிருக்கிறார். பிறகு ரப்பர் தீய்கிற வாடை. பிறகு படாரென்று ஒன்று அறுந்த சத்தம். அதற்குப் பிறகு உறுமல் இல்லை. சிக்கந்தர் நிறுத்தவில்லை.

"கொஞ்ச தூரத்துல பானெட்டு ஓரமாப் பொகை வருது. என்னப்பா ஆவி வருதேன்னேன். பனி மொதலாளிங்கிறான். சித்திரை மாசத்துல, மத்தியான வெயில்ல."

சிக்கந்தர் தலையைக் குனிந்தபடி, "ஊரு எல்லைக்குப் போயிட்டாப் போதும்னு நெனச்சேன்," என்றார். "எறக்கி விட்டுட்டு ராவோட ராவா இங்கன கொண்டாந்துரலாம்னு."

எல்லை வரவில்லை. அதற்கு முன்னால், இரண்டு பக்கமும் பனைமரம் நிற்கிற இடத்தில், எஞ்சின் ஒரு தடவை விக்கி, பூட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

4. பிசின்

மேஸ்திரி ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். பந்தல் போடுகிற சந்தோஷம் அன்றைக்கு அவரிடம் இல்லை. "பிஸ்டன் பூராப் பிடிச்சுப்போச்சு. ப்ளாக்குல வெடிப்பு விட்டிருக்கு. இதை எஞ்சினுன்னு சொல்லி ஒங்ககிட்ட செலவு வாங்குனா எனக்குப் பாவம் மரைக்காயரே. இனி இரும்பு."

"எதுனால?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் டைனமோவைத் தனியாகக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தேன். ஸ்பேனருக்கு மேல் பைப்பைச் செருகி அழுத்தியும் புல்லி அசையவில்லை. முன்மூடியைத் தட்டி எடுத்தேன்.

பேரிங்குக்குள் குண்டுகள் தெரியவில்லை. தேன் நிறத்தில் ஏதோ ஒன்று உறைந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வந்தது, வேப்பம்பிசின் மாதிரி, பழைய பீரோவிலிருந்து உரிகிற வார்னிஷ் மாதிரி. சூட்டில் கருகிய ஓரம் மட்டும் கறுப்பு. அந்த வாடை இப்போது கொட்டகை முழுக்கப் பரவியது. கருவாட்டு வாடை இல்லை இது.

நான் சொல்வதற்குள் மரைக்காயர் எழுந்து வந்துவிட்டார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுறா எண்ணெய்," என்றார். "ஈரலைக் காய்ச்சி எடுக்கிறது. எங்க வாப்பா தோணிய வருஷா வருஷம் கரையில ஏத்தி இதைத்தான் பூசுவாக. வெயில்ல காஞ்சுச்சுன்னா மேல் தோலு மாதிரி பிடிச்சுக்கும். கடத்தண்ணி உள்ள வராது." பிறகு திரும்பினார். "நீதானா?"

"ஆமா மொதலாளி."

"இதை எதுக்குப்பா இதுல ஊத்துன?"

"சத்தம் போட்டுச்சு."

வத்தையில் சுக்கான் முளை கிறீச்சிட்டால் இந்த எண்ணெயைத்தான் விடுவார்களாம். உடனே அடங்குமாம். வாப்பா செய்து பார்த்திருக்கிறார். சுக்கான் நாளெல்லாம் சேர்த்தும் கொஞ்சம்தான் திரும்பும், அதுவும் தண்ணீரில் நனைந்தபடி. டைனமோ அப்படியா. அது ஓயாமல் சுழன்று தன் சூட்டிலேயே வேகிறது. ஊற்றிய அன்றைக்கு எண்ணெய் கெட்டியாகி மணலையும் குண்டையும் மெத்தை மாதிரி ஏந்திக்கொள்ளும், சத்தம் போய்விடும். பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து பிசினாகும். சத்தம் திரும்ப எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சிக்கந்தர் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கிறார். பலகைக்கு உயிர் கொடுக்கிற குணமே பேரிங்கைக் கொன்றது.

மரைக்காயர் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழும்புக் கடைய மூடிட்டேன் சிக்கந்தரு. புதுச் சட்டத்துல இனிமே அங்கன நம்மள இருக்க விடமாட்டாக. ஊட்டுல கூட இன்னும் சொல்லல. கார வித்துத்தான் ஆகணும். அதை மொத உங்கிட்டச் சொல்லலாம்னு மண்டபத்துல ஏறுனேன். இந்த ராம்நாட்டுல ரெண்டு பேரு ஓடுற வண்டி கேட்டுட்டு இருக்காக. வண்டிய எடுக்கிறவன் உன்னையும் சேத்து எடுக்கணும், அப்படித்தான் பேச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

தொப்பியை மடியில் வைத்தார்.

"நீ வாயே மூடலையேப்பா."

சிக்கந்தர் டைனமோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சின்ன பேரிங்குதான் மொதலாளி," என்றார். "அண்ணன் அன்னைக்கே சொன்னாரு." புளியம்பூ உதிர்ந்து ப்ளாக்கின் வெடிப்பில் விழுந்தது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.

மதுரை பழைய இரும்புக்காரனின் லாரி வந்து காரை ஏற்றிப் போனபோது சிக்கந்தர் வரவில்லை. நான் எழுதிப் போட்ட பேரிங் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது, மெழுகுத்தாளில் சுற்றி, ஒரு தூசி இல்லாமல். எங்களிடம் வந்த வேறெந்த வண்டிக்கும் அது பொருந்தவில்லை. மேஸ்திரி அதைப் பில் தாள்கள் பறக்காமல் மேலே வைத்துக்கொண்டார்.

5. காய வேண்டிய இடம்

வெகு நாள் கழித்து ஒரு ஜீப் பார்க்கப் பெரியபட்டினம் போனேன். வேலை முடிந்து கரைப்பக்கம் நடந்தேன். காற்று கிளம்பி மணல் காலில் குத்திக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வத்தை ஒன்றின் அடிவயிற்றில் ஒருவர் தென்னம்பஞ்சால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"சிக்கந்தர் பாய்."

திரும்பிப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, சிரிப்பு இருந்த இடம் அசைந்தது. "வாங்கண்ணே. ராட்டினம் ஏதும் வித்துக்கிட்டு வந்தீகளா?"

யார் வத்தை என்று கேட்டேன். வேறு ஆளுடையது. இவர் கூலிக்கு வேலை பார்க்கிறார். கடலுக்குப் போவதுண்டா என்றதற்குப் போறேன், வாரேன் என்றார். கார் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"அந்தப் பேரிங்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"ம்." சட்டியில் பஞ்சை முக்கி எடுத்து, பலகையின் இடுக்கில் அழுத்தித் தேய்த்தார். அதே வாடை. வெயிலில் முந்திப் பூசிய பகுதி தேன் நிறத்தில் இறுகியிருந்தது. அதைப் புறங்கையால் தட்டிக் காட்டினார். "இங்கன காயணும்ணே. இங்கன காஞ்சாத்தான் நல்லது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நேரமாகவில்லை.

தொழில் படிக்கிறவர்களுக்கு இதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பேரிங்குக்குப் பேரிங் கிரீஸ், எண்ணெய்க் குழிக்கு மெல்லிசு எண்ணெய், வீட்டில் இருக்கிற எந்த எண்ணெயும் அதற்கு மாற்று இல்லை. ஒரே பெல்ட்டில் மூன்று வேலை நடக்கிற வண்டியில் டைனமோவைச் சின்னச் சாமான் என்று நினைக்காதீர்கள். உறுமல் நின்றதும் பெல்ட்டைப் பாருங்கள், ஊர் எல்லையைப் பார்க்காதீர்கள்.

மற்றது என் பழக்கம், பாடம் என்று சொல்லமாட்டேன். சத்தம் போட்டுக்கொண்டிருந்த வண்டியைக் கொண்டுவந்து, இப்போது சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். பிறகு பெல்ட்டைக் கழற்றுகிறேன்.